எல்க் டேக் விண்ணப்பம் முதல் கறி வீடு வந்து சேரும் வரை: முதல்முறை வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

எல்க் என்ற பெரிய மானின் வேட்டை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும். அதற்கான வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் டேக் என்ற அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல் ஒரு எல்க்கைக்கூடத் தொட முடியாது. எந்தப் பகுதியில், எந்தத் தேதிகளில், எந்த ஆயுதத்தால், ஆண் எல்க்கையா பெண் எல்க்கையா வேட்டையாடலாம் என்பதை அந்த ஒற்றைச் சீட்டுதான் முடிவு செய்கிறது. பெரும்பாலான டேக்குகள் குலுக்கலில்தான் கிடைக்கின்றன. துப்பாக்கி, பூட்ஸ், கூடாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு ஆகஸ்டில் "டேக் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிற நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகியவர்கள் நாம். இங்கே கதை வேறு. கட்டுப்பாடில்லாத வேட்டையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்க் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே போயிற்று. இன்று சுமார் பத்து லட்சம். லைசென்ஸ் கட்டணமும், 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பிடிக்கப்படும் வரியும்தான் மாநில வனவிலங்குத் துறைகளின் முதுகெலும்பு. நீங்கள் கட்டும் டேக் பணம் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேருகிறது.

படி 1: சான்றிதழும் விசா விஷயமும்

முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, அதாவது ஹன்டர் எஜுகேஷன். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம். வயோமிங்கில் அந்த வருடம் 1966. ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும். எனவே நீங்கள் டெக்சஸில் இருந்தாலும் நியூ ஜெர்சியில் இருந்தாலும் அங்கேயே முடித்துவிடலாம். மார்ச்சில் வகுப்புகள் நிரம்பிவிடும் என்பதால் ஜனவரியிலேயே பதிவு செய்யுங்கள்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஒன்றை நன்றாக மனதில் வைக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் மாநில வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் லைசென்ஸ் முதலில், துப்பாக்கி பிறகு. பழகிப் பார்க்க நண்பரின் ரைபிளைக் கையில் எடுப்பதற்கும் இதே வரிசைதான். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் அதோடு போய்விடும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

படி 2: மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு, கெடு வேறு, கட்டணம் வேறு. நீங்கள் மேற்கு மாநிலம் ஒன்றிலேயே குடியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே விண்ணப்பியுங்கள். கொலராடோவில் ஆண் எல்க் லைசென்ஸுக்கு வெளிமாநிலத்தவர் சுமார் 800 டாலர் கொடுக்கிறார். உள்ளூர்க்காரருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் உள்ளூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள கொலராடோவில் தொடர்ந்து ஆறு மாதமும், வயோமிங்கில் ஒரு வருடமும் வசித்திருக்க வேண்டும். இதில் பொய் சொன்னால் தண்டனை கடுமையாக இருக்கும்.

வெளியிலிருந்து போகிறவர்களுக்கு வயோமிங்கின் கெடு பிப்ரவரித் தொடக்கத்திலேயே வந்துவிடும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்கள். அங்கே வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் வெளிமாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் எல்க் வேட்டையாட முடியாது. வரைபடத்தில் மிக அழகாகத் தெரியும் இடங்கள் பலவும் இந்த வகைதான். மொன்டானாவின் கெடு ஏப்ரல் 1. நியூ மெக்சிகோவில் புள்ளி முறையே (டேக் கிடைக்காத வருடங்களுக்குப் புள்ளி சேர்த்து முன்னுரிமை தரும் முறை) இல்லை, முதல்முறை விண்ணப்பிப்பவருக்கும் இருபது வருடம் விண்ணப்பித்தவருக்கும் ஒரே வாய்ப்பு. ஆனால் வெளிமாநிலத்தவர் தாமாக விண்ணப்பித்தால் அவர்களுக்கென இருப்பது 6 சதவீதப் பங்குதான். ஐடஹோவிலும் புள்ளி இல்லை. முன்பு அங்கே டேக்கை நேராகக் கடையில் வாங்கலாம். 2026 பருவத்திலிருந்து வெளிமாநிலத்தவருக்குப் பொது டேக்கும் குலுக்கலுக்கு மாறிவிட்டது, அதற்கு முந்தைய டிசம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

முதல்முறை போகிறவருக்கு நான் கொலராடோவைத்தான் சொல்வேன். நாட்டிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் அது. பொது நிலமும் தாராளம். புள்ளியே இல்லாதவருக்கும் டேக் கிடைக்க அங்கே வழி இருக்கிறது.

படி 3: கொலராடோ விண்ணப்பம்

கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை மார்ச் 1-இல் விண்ணப்பத்தைத் திறக்கும். கெடு ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மவுண்டன் டைம் நேரப்படி இரவு 8 மணி. கடைசி மணி நேரத்தில் தளம் திணறும், அதுவரை காத்திருக்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன் தகுதி லைசென்ஸ் ஒன்று வாங்கியாக வேண்டும். சிறு விலங்கு லைசென்ஸ் அதற்குப் போதும். அந்தப் பணம் திரும்பி வராது.

எல்லோரும் தடுமாறும் இடம் ஹன்ட் கோடு, அதாவது நீங்கள் கேட்கும் டேக்கைக் குறிக்கும் குறியீடு. உதாரணத்துக்கு இ-எஃப்-012-ஓ2-ஆர் என்ற கோடைப் பிரித்துப் பார்ப்போம். முதல் எழுத்து விலங்கு, இ என்றால் எல்க். அடுத்தது பாலினம்: எம் கொம்புள்ள ஆண், எஃப் கொம்பில்லாதது, இ இரண்டில் எதுவும். மூன்று இலக்கம் யூனிட்டை, அதாவது வேட்டைப் பகுதியைச் சொல்லும். ஓ2 என்றால் இரண்டாவது ரைபிள் பருவம். கடைசி எழுத்து ஆயுதம்: ஆர் ரைபிள், ஏ வில், எம் மஸில்லோடர் (குழல்வாய் வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கி). சில கோடுகள் பக்கத்து யூனிட்களிலும் செல்லும். கையேட்டில் செல்லுபடியாகும் யூனிட்கள் என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். எஃப் போட வேண்டிய இடத்தில் எம் விழுந்தால் அந்த வருடம் முழுக்க வேறு திட்டம் ஆகிவிடும். இந்தக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வைத்து, திரையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் கொடுக்கலாம். இப்போதுள்ள விதிப்படி முன்னுரிமைப் புள்ளி முதல் விருப்பத்துக்கு மட்டுமே கணக்கில் வரும். முதல் விருப்பம் கிடைத்தால் சேர்த்த புள்ளிகள் பூஜ்யமாகும். கிடைக்காவிட்டால் ஒரு புள்ளி கூடும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது விருப்பத்தில் டேக் விழுந்தாலும் புள்ளி குறையாது. முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு வேண்டிய வழி இதிலேயே இருக்கிறது. முதல் விருப்பத்தில் டேக் கேட்காமல் புள்ளி மட்டும் கேட்கும் குறியீட்டையோ, போட்டி அதிகமான யூனிட்டையோ போடுங்கள். இரண்டாவது விருப்பத்தில் போட்டி குறைந்த பெண் எல்க் டேக் ஒன்றைப் போடுங்கள். புள்ளியும் சேரும், அதே இலையுதிர் காலத்தில் மலைக்கும் போகலாம்.

எந்த டேக்குக்குப் போட்டி குறைவு என்று எப்படித் தெரியும்? துறை ஒவ்வொரு வருடமும் குலுக்கல் அறிக்கையை பிடிஎஃப்பாக வெளியிடுகிறது. ஒவ்வொரு கோடுக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை புள்ளியில் கிடைத்தது, எந்த விருப்பத்தில் கிடைத்தது எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது விருப்பத்திலேயே கிடைத்த கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறுவடை அறிக்கையைத் திறந்து அந்த யூனிட்டில் எத்தனை பேருக்கு எல்க் கிடைத்தது என்று பாருங்கள். மாநிலம் முழுக்கப் பார்த்தாலே ஐந்து பேரில் ஒருவர் அளவுக்குத்தான் எல்க் கிடைக்கிறது. டேக் எளிதாகக் கிடைப்பதற்குப் பல இடங்களில் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் தனியார் நிலம். யூனிட்டில் பாதிக்கு மேல் பண்ணை நிலமாக இருந்தால் அடுத்த கோடுக்குப் போங்கள்.

பெரிய கொம்புக்காகப் பதினைந்து வருடம் புள்ளி சேர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் விருப்பம் அவர்களுக்கு. ஆனால் எல்க் வேட்டையை மலையில்தான் கற்க முடியும். பெண் எல்க் டேக்கோடு மூன்று பருவம் நடந்தவர் முதன்முதலாக ஒரு நல்ல ஆண் டேக் கையில் வரும்போது அதை வீணடிக்க மாட்டார்.

படி 4: முடிவு வந்த பிறகு

மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ முடிவு வரும். டேக் விழுந்தால் கார்டில் பணம் எடுப்பார்கள். அந்த வாரத்தில் கார்டு காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஜூனில் இரண்டாவது குலுக்கல், ஆகஸ்டில் மிச்ச டேக் விற்பனை. இரண்டாவது, மூன்றாவது ரைபிள் பருவங்களுக்குக் குறிப்பிட்ட யூனிட்களில் ஆண் எல்க் டேக்கைக் கடையிலேயே வாங்கலாம். வில் வேட்டைக்கு அப்படி இருந்த வசதி, மேற்குப் பகுதி யூனிட்களில் வெளிமாநிலத்தவருக்கு 2025-இலிருந்து இல்லை.

படி 5: வரைபடத்தில் தேடுதல்

ஆன்எக்ஸ் போன்ற செயலி ஒன்று வேண்டும். எது பொது நிலம், எது தனியார் நிலம் என்று கோடு போட்டுக் காட்டும். மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பொது நிலங்களுக்கு இடையே தாண்டிப் போகலாமா என்பது நெடுநாள் சண்டை. 2025-இல் பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியார் மண்ணைத் தொடாமல் தாண்டலாம் என்று தீர்ப்பளித்தது. கொலராடோ, வயோமிங், நியூ மெக்சிகோ, யூட்டா எல்லாம் அந்த நீதிமன்றத்தின் கீழ் வருபவை. மொன்டானாவும் ஐடஹோவும் அதில் வராது.

எல்க்குக்குத் தேவை மூன்று: மேய்ச்சல், தண்ணீர், படுக்க நிழல். காலையில் புல்வெளி ஓரத்திலும், வெயில் ஏறியதும் வடக்குப் பார்த்த சரிவின் அடர்ந்த மரங்களுக்குள்ளும் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் இந்த இரண்டும் அருகருகே இருக்கும் இடங்களுக்குப் புள்ளி வையுங்கள். சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டராவது தள்ளியிருக்கட்டும். ரைபிள் பருவத்தின் முதல் துப்பாக்கிச் சத்தத்திலேயே மந்தைகள் சாலையை விட்டு விலகிவிடும். அப்படி ஐந்தாறு இடங்கள் வேண்டும். ஓரிடத்தில் கார் நிறைய நின்றால் அடுத்ததற்கு ஓடலாம். யூனிட் பொறுப்பிலுள்ள வனவிலங்கு அதிகாரியை ஜூலையில் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நன்றாகவே சொல்வார்கள்.

படி 6: உடம்பும் ஆயுதமும்

கடல் மட்டத்தில் வசிப்பவர் 3,000 மீட்டர் உயரத்தில் முதல் நாள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். ஒன்றிரண்டு நாள் முன்னதாகப் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் கீழே இறங்கிவிடுங்கள். ஜூனிலிருந்தே பத்து கிலோ பையோடு படியேறிப் பழகுங்கள். பூட்ஸை இப்போதே வாங்கி மாதக்கணக்கில் போட்டு நடங்கள்.

கொலராடோவில் எல்க்குக்கு ரைபிள் குறைந்தது 0.24 அங்குலக் காலிபர், குண்டின் எடை 85 கிரெயின் இருக்க வேண்டும். ரைபிள் பருவத்தில் 500 சதுர அங்குல அளவுக்கு ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் உடை, அதே நிறத்தில் தொப்பி. மேசையில் ஊன்றிச் சுட்டுப் பழகுவது போதாது. மண்டியிட்டு, உட்கார்ந்து, மூச்சிரைக்கும்போது எவ்வளவு தூரம் உறுதியாகச் சுட முடிகிறதோ அதுவே உங்கள் எல்லை. அதைத் தாண்டிச் சுடாதீர்கள். அடிபட்டு ஓடும் விலங்கு படும் வேதனைக்கு நாம்தான் பொறுப்பு.

படி 7: விழுந்த பிறகு

முதலில் டேக். தேதியும் கையெழுத்தும் போட்டுப் பிரித்தெடுங்கள், பிறகு கத்தி. ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல், பெண் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். முழுசாக இழுத்து வர முடியாது, விழுந்த இடத்திலேயே பிரிக்க வேண்டும். வயிற்றைத் திறக்காமலே செய்யலாம். ஒரு பக்கத் தோலை முதுகிலிருந்து கீழாக உரியுங்கள். முன்தொடையை அக்குளோடு சேர்த்து அறுத்தால் எலும்பு மூட்டு இல்லாமலே கழன்று வரும். பின்தொடைக்கு இடுப்பு மூட்டுக் கிண்ணத்தைத் தேடி வெட்ட வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய நீளக்கறியை உருவி எடுங்கள். பிறகு மறுபக்கம் திருப்புங்கள். விலா முடியும் இடத்தில் கைவிட்டு உள்ளே இருக்கும் மென்சதையையும் எடுங்கள். பாலினம் காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு ஒட்டியே இருக்க வேண்டும், அது சட்டம். நான்கு தொடைகளையும் முதுகுக்கறியையும் மென்சதையையும் காட்டில் விட்டு வருவதும் குற்றம்.

கறியைக் கெடுப்பது சூடு. எல்க் தோல் கம்பளி மாதிரி, உரிக்காமல் விட்டால் குளிர்நாளிலும் உள்ளே வேகும். முதலில் கெடுவது பின்தொடை எலும்பை ஒட்டிய கறி. வெயில் நாளாக இருந்தால் எலும்பு வரை ஒரு கீறல் போட்டு, துணிப்பையில் இட்டு நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். ஆண் எல்க்கின் ஒரு பின்தொடை இருபத்தைந்து கிலோவுக்கு மேலும் வரலாம். இரண்டு பேர் இருந்தாலும் பல நடை ஆகும். சுடும் முன்பே "இங்கிருந்து சுமந்து வர முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயோமிங்கின் வடமேற்கிலும் மொன்டானாவிலும் கிரிஸ்லி கரடி உண்டு. கரடி ஸ்பிரே பைக்குள் போகக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும்.

சிடபிள்யூடி என்ற மூளை நோய் பல மந்தைகளில் இருக்கிறது. தலையைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கறியைச் சமைக்காதீர்கள், நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. தலையையும் முதுகெலும்பையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல மாநிலங்களில் தடை. எலும்பில்லாக் கறியாக்கி ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள். கொழுப்பு மிகக் குறைந்த கறி இது. முதுகுக்கறியை மிளகு தூவி வாணலியில் சட்டென்று புரட்டி எடுக்க வேண்டும், அதிகம் வெந்தால் ரப்பர். கழுத்தும் கால்கறியும் குக்கரில் நிறைய விசில் விட்டுக் குழம்பு வைக்கத் தோதானவை.

ஊர் திரும்பியதும் துறையிலிருந்து அறுவடைக் கணக்கெடுப்புக்கு மின்னஞ்சலோ போனோ வரும். ஐடஹோவில் அறிக்கை கொடுப்பது கட்டாயமே. எல்க் கிடைக்காமல் வந்திருந்தாலும் பதில் சொல்லுங்கள். அடுத்த மார்ச்சில் நீங்களும் நானும் யூனிட் தேடித் திறக்கப்போகும் பிடிஎஃப்பில் இருப்பது அந்தப் பதில்கள்தான்.