தோழியோடு சிங்கப்பூர்: பகலில் ஓய்வு, சாயங்காலம் ஊர்

மூன்று நான்கு நாள் சிங்கப்பூர் போகிறவர்கள் பலர் காலை ஒன்பது மணிக்கு ஓட்டலை விட்டுக் கிளம்பி, மதியத்துக்குள் வியர்வையில் நனைந்து, சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் வலியோடு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊர் களைகட்டுவதே அதற்கு மேல்தான். பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் அங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணிவாக்கில் எழுந்து ஏழு மணிவாக்கில் மறைகிறது. வெயிலும் புழுக்கமும் எல்லா மாதமும் உண்டு. "நல்ல சீசன்" பார்த்துப் போகலாம் என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. நல்ல நேரம் பார்த்து வெளியே போகலாம், அவ்வளவுதான். அதிகாலையில் ஒரு சுற்று, பத்து மணியிலிருந்து நாலு மணிவரை ஏசி அல்லது தூக்கம், ஐந்துக்கு மேல் ஊர். இதுதான் என் திட்டம்.

நானும் என் கல்லூரித் தோழியும் இப்படித்தான் சுற்றுவோம். அவள் சைவம், நான் எதையும் சாப்பிடுவேன். அவள் கடை கடையாக ஏறி இறங்குவாள், எனக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றும். எங்கள் இருவருக்கே ஒத்துவந்த முறை என்றால் யாருக்கும் ஒத்துவரும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. விசா தவிர, வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது இலவசம். அதே தோற்றத்தில் காசு கேட்கும் தளங்களும் இருக்கின்றன, ஏமாறாதீர்கள். சூயிங்கம், வேப் இரண்டையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சாரப் பிளக் மூன்று சதுரக் கம்பி உள்ளது. அடாப்டர் ஒன்று போதாது, ஆளுக்கொன்று வேண்டும். இரவு ஒரே நேரத்தில் இரண்டு போனும் பசியோடு இருக்கும்.

அறை எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, இரண்டு தனிக் கட்டில் உள்ள அறையா என்று. இரண்டு, ஜன்னல் இருக்கிறதா என்று. அங்கே விலை குறைந்த அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. பகலில் தூங்கப் போகிறோம் என்பதால் எனக்கு அது குறையே இல்லை, ஆனால் என் தோழிக்கு மூச்சு முட்டும். மூன்றாவது, இடம். நான் தேக்கா வட்டாரத்தைத்தான் சொல்வேன், அதாவது லிட்டில் இந்தியா. காரணம் இட்லி இல்லை, ரயில். லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. டவுன்டவுன் பாதையில் நாலாவது நிறுத்தம் பேஃபிரண்ட், அதாவது மரீனா பே. எதிர்ப்பக்கம் போனால் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா. வடகிழக்குப் பாதையில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். எங்கேயும் மாறி ஏற வேண்டாம்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தனிப் பயண அட்டை வாங்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் விசா அல்லது மாஸ்டர்கார்டு போதும்; வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 சிங்கப்பூர்க் காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். ஆனால் ஒரே அட்டையைத் தட்டி இரண்டு பேர் உள்ளே போக முடியாது. ஆளுக்கொரு அட்டை. உள்ளே போகும்போது அட்டையைத் தட்டிவிட்டு, வெளியே வரும்போது அதே அட்டையின் பெயரில் போனைத் தட்டினால் அதுவும் கணக்கில் வேறு ஆள்தான். வண்டிக்குள் சாப்பிடுவதோ குடிப்பதோ கூடாது, அபராதம் 500 சிங்கப்பூர் டாலர் வரை போகும்.

மற்ற செலவுக்குப் பொதுப் பர்ஸ் வையுங்கள். ஆளுக்கு நூறு டாலர் போட்டு, சாப்பாடு, டிக்கெட், படகு எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவது. யார் கோப்பிக்கு யார் கொடுத்தது என்று இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து கணக்கெழுதும் நட்பு எனக்கு வேண்டாம்.

விமானம் விடியற்காலையில் இறங்குகிறதா? அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். பையை ஓட்டலில் போட்டுவிட்டு நேரே தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடுங்கள். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள், கட்டணம் இல்லை. 1859இல் தொடங்கிய தோட்டம். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். பூ பிடித்தவர் போகட்டும், மற்றவர் ஏரிக்கரையில் காலை நீட்டி உட்காரட்டும். இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி முக்கியமான சாயங்காலம். இதற்கு மட்டும் மணி பார்த்து நடக்க வேண்டும். நாலரைக்கு பேஃபிரண்டில் இறங்கி 'கார்டன்ஸ் பை த பே' தோட்டத்துக்குள் நுழையுங்கள். அங்குள்ள கண்ணாடிக் கூண்டுகள் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு செலவழிப்பீர்கள் என்றால் மேகக் காட்டுக்குப் போங்கள். உள்ளே 35 மீட்டர் அருவி, குளிர்; வெளியே வெயில் இறங்கும்வரை அங்கேயே இருக்கலாம். ஆறரைக்கு வெளியே வந்து சூப்பர்ட்ரீ தோப்புக்கு. இவை மரமே இல்லை, இரும்பும் கான்கிரீட்டும். உயரம் 25 முதல் 50 மீட்டர், மேலெல்லாம் உயிருள்ள செடிகொடிகள். இடையே 22 மீட்டர் உயரத்தில் ஒரு தொங்கு நடைபாதை உண்டு. அதற்குத் தனி டிக்கெட், உயரம் பயமில்லாதவருக்கு.

7.45க்கு ஒளி இசைக் காட்சி, இலவசம். நின்றுகொண்டு பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், கழுத்து போய்விடும். ஏழேகாலுக்கே போய் மரங்களுக்கு நடுவே ஒரு துப்பட்டாவை விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பகல் முழுக்கச் சூடேறிய தரை முதுகில் இதமாக ஒத்தடம் கொடுக்கும். விளக்குகள் ஒரே சமயத்தில் அணைந்து, முதல் சுரத்தோடு ஒரு மரத்தின் உச்சி மட்டும் ஊதாவாக எரியும்போது, சுற்றிலும் அத்தனை மொழியிலும் ஒரு "ஓ" எழும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இது தவறினால் 8.45க்கு மறுபடி உண்டு.

முடிந்ததும் பாலம் ஏறி, மரீனா பே சாண்ட்ஸ் கட்டடத்தையும் அதன் கடைத்தொகுதியையும் ஊடுருவி நடந்தால் மறுபக்கம் விரிகுடாக் கரை வரும். அங்கே ஒன்பது மணிக்கு 'ஸ்பெக்ட்ரா' நீர்க்காட்சி, அதுவும் இலவசம். நடுவில் கடைத்தொகுதி இருப்பதால் தோழியைக் கண்ணிலிருந்து விடாதீர்கள், ஒரு ஷோரூமுக்குள் புகுந்தால் காட்சி போச்சு. சாண்ட்ஸ் கட்டடத்தின் மாடியில் 57வது தளம்வரை ஏறிப் பார்ப்பதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன். மேலே ஏறிவிட்டால் அந்தக் கட்டடமே கண்ணில் படாதே.

தெம்பிருந்தால் ஹீலிக்ஸ் பாலம் வழியாக எஸ்பிளனேட் கலையரங்குக்கு நடக்கலாம். முள்முள்ளாக இரண்டு கூரைகள், பார்த்தாலே டுரியான் பழம்தான். வார இறுதி என்றால் தண்ணீரை ஒட்டிய திறந்தவெளி மேடையில் பெரும்பாலும் ஏதாவது இலவசக் கச்சேரி நடக்கும். நவம்பர் வாக்கில் போனால் இந்தியக் கலைகளுக்கான கலா உத்சவம் வரும். தேதியைப் பார்த்து டிக்கெட் போடலாம்.

பசித்தால் பேஃபிரண்டிலிருந்து ஒரே நிறுத்தம், டவுன்டவுன். அங்கே லாவ் பா சாட் உணவங்காடிக்கு வெளியே இரவில் தெருவை அடைத்து மேசை போட்டு, குச்சியில் செருகிய இறைச்சியான சாத்தே சுடுவார்கள். புகையே பாதிச் சாப்பாடு. சைவக்காரரை முன்னதாகவே தேக்காவில் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். சம்பால் என்ற மிளகாய் விழுதில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், "காய்கறிதான்" என்று சொன்னாலும் விசாரித்துக்கொள்ளட்டும். செராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது, கவலையில்லை. உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்று பொருள், எடுத்துத் தள்ளிவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 'கோப்பி' என்று மட்டும் கேட்டால் கண்டென்ஸ்டு பால் ஊற்றித் தருவார்கள். பால் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ', சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் எங்கள் விதி ஒன்று: ஆளுக்கொரு பிடிவாதம். ஒருவர் கேட்கும் ஓரிடத்துக்கு மற்றவர் முணுமுணுக்காமல் வர வேண்டும். என்னுடையது ஹாவ் பார் வில்லா. டைகர் பாம் குடும்பத்து முதலாளி 1937இல் கட்டிய சிலைத் தோட்டம். சீனப் புராணக் கதைகள் பளீர் வண்ணத்தில், நண்டு உடம்பில் மனிதத் தலை, அடிதடி, அறிவுரை எல்லாம் உண்டு. தோட்டம் இலவசம், நரகத்தின் பத்து நீதிமன்றங்களைக் காட்டும் பகுதிக்கு மட்டும் டிக்கெட். மாலை ஐந்துக்குப் போனால் நிழலும் இருக்கும், கூட்டமும் இருக்காது. அவளுடையது முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடை. நள்ளிரவு தாண்டியும் திறந்திருப்பதால் எந்தச் சாயங்காலமும் கெடாது. நான் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொள்வேன். ஒரே கடையில் நூறு டாலருக்கு மேல் வாங்கினால் 9 சதவீத ஜிஎஸ்டியில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திரும்ப வாங்கலாம், பாஸ்போர்ட்டைக் காட்டி பில் போடச் சொல்லுங்கள்.

ஒரு காலையைப் புலாவ் உபின் தீவுக்கு ஒதுக்குங்கள். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பஸ்ஸில் சாங்கி கிராமம், அங்கே படகுத்துறை. படகுக்குக் கால அட்டவணை கிடையாது, பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். ஆளுக்கு நாலு டாலர், சில்லறையாக ரொக்கம். பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணுவதே ஒரு பொழுதுபோக்கு. "இன்னும் ரெண்டு பேர்தான்டீ" என்று என் தோழி அறிவிக்கும் நேரம் பார்த்து ஐந்து பேர் கொண்ட குடும்பம் வந்து சேரும். தீவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, செக் ஜாவா சதுப்பு நிலத்தின் மரப்பாதையில் நடந்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கும் காட்டுப்பன்றியும் விடாது.

இரவு விலங்குப் பூங்கா 1994 முதல் இருக்கிறது, பெயரும் பெரியது. ஆனால் போக வர ஒரு முழுச் சாயங்காலத்தை விழுங்கும். நாலு இரவு இருந்தால் போங்கள், மூன்றுதான் என்றால் விட்டுவிடுங்கள். செந்தோசா உல்லாசத் தீவு பற்றியும் எனக்கு இதே கருத்துதான். மதிய ஓய்வில் அறையில் சும்மா கிடக்கும்போது வசந்தம் தொலைக்காட்சியைப் போடுங்கள், இல்லையென்றால் ஒலி 96.8 வானொலி. அந்த ஊர்த் தமிழில் செய்தியும் அரட்டையும் கேட்டுக்கொண்டே தூங்கலாம்.

கடைசி நாள் அறையைக் காலி செய்தபின் பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். நேரே சாங்கி விமான நிலையம் போய்ப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஜூவல் கட்டடத்தில் உட்காருங்கள். கூரை நடுவிலிருந்து 40 மீட்டர் விழும் அருவி, இருட்டியதும் அதிலும் ஒளிக்காட்சி. பயணச்சீட்டு இல்லாதவர்களும் வரும் இடம் என்பதால் நல்ல கூட்டம் இருக்கும். மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரோரம் நின்றால் மறைக்காது. பொதுப் பர்ஸில் மிஞ்சியதை அங்கேயே தீர்த்துவிடுங்கள். முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலில்தான், அதனால் தண்ணீர்ப் பாட்டிலை அதுவரை வைத்திருக்கலாம். ஆனால் வரிசை அங்கே நிற்கும், கடைசி நிமிடத்தில் ஓடாமல் முன்னதாகப் போய்விடுங்கள்.