குளிர்கால ஈரத்தில் மவுண்டன் பைக்: தடம் தேடும்போது செய்யும் தவறுகள்

லண்டனில் ஓராண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கை நம்பித்தான், இங்கே வந்த முதல் டிசம்பரில், மழை விட்டு மூன்று நாள் ஆன ஒரு சனிக்கிழமை, லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் ஆக்லி கிராமத்துப் பக்கம் சைக்கிளைக் கொண்டுபோனேன். ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. முன்சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. மிச்ச வழி முழுக்கச் சைக்கிள்தான் என் தோளில் சவாரி செய்தது.

இங்கே புதிதாக ஓட்ட வருகிறவர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான். அன்றைய வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது. கோடையில் பெய்யும் மழையை வெயில் பாதி குடிக்கும், மரங்கள் பாதி குடிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மரங்களில் இலையில்லை, சூரியனும் தலைக்கு மேலே வருவதில்லை. ஒருமுறை ஊறிய களிமண் மார்ச் வரை ஊறியபடியே கிடக்கும். மூன்று நாள் வெயிலெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மணல் நிலம் அப்படியல்ல. காலையில் கொட்டிய மழையை மதியத்துக்குள் கீழே இறக்கிவிடும்.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது என்ன மண் என்பதை. அதே சர்ரேயில் டார்க்கிங் ஊரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று வகை நிலம் இருக்கிறது. வடக்கே பாக்ஸ் ஹில், சுண்ணாம்புப் பாறை. தென்மேற்கே லீத் ஹில், 294 மீட்டர் உயரம், கிரீன்சாண்ட் எனப்படும் மணற்கல். அதற்கும் தெற்கே, என்னைத் தோளில் சுமக்க வைத்த ஆக்லி, வீல்ட் எனப்படும் தாழ்நிலத்தின் களிமண். ஒரே மழை, ஒரே நாள். லீத் ஹில், ஹோம்பரி ஹில் சரிவுகளில் ஜனவரியிலும் ஓட்டலாம். அதே மலையிலிருந்து தெற்கே இறங்கினால் சேற்றில் மாட்டிக்கொள்வீர்கள். பிரிட்டிஷ் ஜியாலஜிக்கல் சர்வேயின் நிலவியல் வரைபடத்தை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், தடம் தொடங்கும் இடத்தில் ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். முறுக்குக்குப் பிழிந்ததுபோல நீளமாக இழை வந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். உதிர்ந்தால் மேலே ஏறலாம்.

“சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் நிற்காதே, அங்கே போகலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது, உண்மைதான். ஆனால் நனைந்த சுண்ணாம்பின் மேல்பரப்பு ஈரச் சோப்பு மாதிரி வழுக்கும். போதாததற்கு, பாக்ஸ் ஹில்லும் சேர்ந்த வடக்கு டவுன்ஸ் சுண்ணாம்பு மேடுகளின் உச்சியில் பல இடங்களில் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்வை வேறு கிடக்கிறது.

மழை அதிகமான ஊரை ஒதுக்கித் தள்ளுவதும் தவறு. வேல்ஸில் ஸ்னோடோனியா மலையுச்சிகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும். ஆனாலும் அதன் தென்பகுதியில் உள்ள கோய்ட் அ பிரெனின் காட்டுத் தடங்களில் குளிர்காலத்திலும் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும். சைக்கிளுக்கென்றே கல் பரப்பிப் போட்ட தடங்கள் அவை. தண்ணீர் கல்லின் மேல் ஓடிப்போய்விடும், சேறாகாது. லண்டனுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் பிராக்னல் அருகே ஸ்வின்லி காடு இருக்கிறது. அடியில் மணல். ஒன்றைக் கவனியுங்கள். இத்தகைய இடங்களில் பலகையில் போடும் நீலம், சிவப்பு, கறுப்பு நிறங்கள் தடம் எவ்வளவு கடினம் என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு ஈரம் என்பதைச் சொல்லாது.

ஸ்ட்ராவா செயலியில், ஆட்கள் அதிகம் போன வழிகளைக் காட்டும் ஹீட்மேப் வரைபடத்தில் பளிச்சென்று தெரியும் கோட்டைப் பிடித்துப் போவது இன்னொரு வழக்கம். அந்தக் கோட்டில் ஜூலையும் ஜனவரியும் ஒன்றாகக் கலந்திருக்கும். அதில் பாதி, சைக்கிளுக்கு உரிமையே இல்லாத நடைபாதையாகவும் இருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் போகலாம். ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது. ஆனால் போகலாம் என்பதும் ஓட்ட முடியும் என்பதும் ஒன்றல்ல. குதிரைக் குளம்பு மிதித்த களிமண் பாதை, நாற்று நடத் தயாரான வயல்தான். நான் குளிர்காலத்தில் வரைபடத்தில் குதிரை லாயங்களைத் தேடிப் பார்த்து, அவற்றைச் சுற்றியுள்ள பிரைடில்வேக்களைக் கழித்துவிடுவேன்.

சேற்றுக் குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போவதை நல்ல பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொருவரும் அப்படி ஒதுங்க ஒதுங்க, ஓரடித் தடம் பத்தடிச் சேறாகிறது. நடுவிலேயே போங்கள், கால் நனையட்டும். சக்கரம் ஆழமாகப் புதைந்து பள்ளம் விழுகிறதென்றால் அன்றைக்கு அந்தத் தடம் உங்களுக்கானதல்ல. புயலுக்குப் பிறகு தடத்தை மூடிக் கட்டியிருக்கும் நாடாவைத் தாண்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாய்ந்த மரம் வில்லாக வளைந்து நிற்கும், எப்போது விடுபடும் என்று யாருக்கும் தெரியாது.

உறைபனி நாளை வீணாக்குவதுதான் எனக்கு ஆற்றாமை தரும் தவறு. இரவு நன்றாக உறைந்திருந்தால், களிமண்கூடக் காலையில் கான்கிரீட் மாதிரி கெட்டியாகிவிடும். வீல்ட் பக்கம் குளிர்காலத்தில் ஓட்டக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. ஆனால் எல்லோரும் “வெயில் வரட்டும்” என்று காத்திருந்து பதினோரு மணிக்குக் கிளம்புகிறார்கள். அப்போது மேலே ஓரங்குலம் இளகியிருக்கும். அடியில் இன்னும் உறைந்திருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியிருக்காது. வெண்ணெய் தடவிய கண்ணாடியில் ஓட்டுவது போலத்தான். டிசம்பரில் விடிவது எட்டு மணிக்கு. எட்டரைக்குத் தடத்தில் இருங்கள், பத்தரைக்குக் கஃபேயில் உட்கார்ந்து, கிளம்பிக்கொண்டிருப்பவர்களுக்குக் கை காட்டுங்கள்.