தரகர் "கையில் எவ்வளவு வேணும்?" என்று கேட்டால்

கொழும்புக்குப் புதிதாக வரும் நம்மூர்க்காரர்கள் என்னிடம் கேட்பது பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கலாமா என்பதுதான். பள்ளிக்கூடத்தை என் மனைவி பார்த்துக்கொள்வாள். ஃபிளாட் விஷயத்தில் நான் ஆமாம் இல்லை என்று எதுவும் சொல்வதில்லை, வாங்கியதை விற்றபோது என்ன ஆனது என்று மட்டும் சொல்வேன். திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

திருச்சியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், கடைக்குப் போனால் தமிழ், கோயிலுக்குப் போனால் தமிழ், அதனால் வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே முதல் வருடத்தில் மறந்துபோகும். காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும்.

சட்ட விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் இங்கே காணி வாங்குவதை 2014இல் வந்த சட்டம் தடுக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் முழுப் பணமும் உறுதி எழுதுவதற்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். அந்தப் பணத்தை ஐஐஏ என்று சொல்லும் முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவந்தால்தான் பிறகு விற்ற பணத்தையும் அதே வழியில் ஊருக்கு அனுப்ப முடியும். நாம் பத்திரம் என்பதை இங்கே உறுதி என்கிறார்கள். நம்மூர் போல இரண்டு தரப்பும் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் வரிசையில் உட்கார வேண்டியதில்லை. நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் நோட்டரி வக்கீல், முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டால் போதும், காணிப் பதிவகத்தில் பதிவது அவர் வேலை. முத்திரைத் தீர்வை வாங்குபவர் தலையில், முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4. வில்லங்கச் சான்றிதழ் கேட்டு அலையாதீர்கள், வாங்குபவரின் வக்கீல் பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவுகளைத் தேடிப் பார்த்துக்கொள்வார். விற்கிற நீங்கள் உறுதி, அடுக்குமாடித் திட்டப் படம், மாநகர சபைக்குச் சோலைவரி கட்டிய ரசீது, கட்டட நிர்வாகத்திடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம் இவற்றை எடுத்து வைத்தால் சரி. வீட்டு வரியைத்தான் சோலைவரி என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது, ஐந்தாம் மாடியில் ஒரு துளசிச் செடிகூட வளரவில்லை என்றாலும்.

இனி தரகர் கதை.

2018இல் 2 கோடி 60 லட்சம் இலங்கை ரூபாய்க்கு வாங்கினேன். காலி வீதி என்ற பெரிய சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை (சந்து) ஒன்றில், மூன்று அறை. பால்கனியில் நின்றால் கரையோர ரயில் போவது தெரியும், என் மகள் அங்கே நின்று பெட்டி எண்ணித்தான் எண்ணவே கற்றுக்கொண்டாள். பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போய்விட்டோம், ஃபிளாட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டோம். 2022இல் டாலர் 200இலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டதைப் பார்த்த பிறகு இங்கே ரூபாயில் சொத்து வைத்திருக்கும் தைரியம் போய்விட்டது. சந்தை கொஞ்சம் எழுந்ததும், 2024இல், விற்க முடிவு செய்தேன்.

இக்மன் என்ற விளம்பர இணையதளத்தில் விளம்பரம் போட்டேன், "தரகர்கள் வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில். முதல் நாள் வந்த அழைப்புகளில் முக்கால்வாசி தரகர்கள்தான். அதில் ஒருவர் வெள்ளவத்தையிலேயே இருபது வருடமாக இருக்கிறேன் என்றார், நேரில் வந்தார், வெற்றிலை போட்டுக்கொண்டு எங்கள் ஊர்க் கோயில்களைப் பற்றியெல்லாம் பேசினார். தமிழில் பேசினாரே, அதில்தான் விழுந்தேன். ஆங்கிலத்தில் பேசும் ஏஜென்ட்டிடம் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன், இவரிடம் கேட்கவே கூச்சமாக இருந்தது.

எல்லாம் பேசி முடித்து அவர் கேட்டது இது: "தம்பி, விலையை விடுங்கோ. உங்கட கையில எவ்வளவு வரவேணும்? அதை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

கேட்கும்போது எவ்வளவு நல்ல கேள்வி! நமக்கு வேண்டியதும் கையில் வருவதுதானே. 4 கோடி என்றேன். 3 கோடி 80 வந்தாலே போதும் என்று உள்ளுக்குள் நினைத்திருந்ததால், 4 சொன்னதை என் சாமர்த்தியம் என்றுகூட எண்ணிக்கொண்டேன். அவர் ஒரு தாள் நீட்டினார், நாலு வரி. உரிமையாளருக்கு 4 கோடி, அதற்கு மேல் கிடைப்பது தரகருக்கு, தரகுக் கூலி வழக்கப்படி. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மேலே என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது, ஐந்தோ ஆறோ லட்சம் என்று நினைத்தேன்.

ஐந்து வாரத்தில் ஆள் வந்தார், விலை 4 கோடி 30 லட்சம். வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவர், அதனால் உறுதியில் முழுத் தொகையும் எழுதியாக வேண்டும். அவர் மேல் தப்பே இல்லை, அவர் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார். நொத்தாரிசிடம் விற்பனை ஒப்பந்தம் எழுதி 10 சதவீதம், அதாவது 43 லட்சம், முன்பணமாக என் பெயருக்குக் காசோலை கொடுத்தார். அடுத்த நாள் காலையில் தரகர் என் வீட்டு வாசலில் நின்றார். மேலே வந்த 30 லட்சம் தன்னுடையது என்றார், தாளைக் காட்டினார். அதோடு 4 கோடி 30க்கு 3 சதவீதம் கூலி, 12 லட்சத்து 90 ஆயிரம். "வழக்கப்படி" என்ற ஒரு சொல்லுக்குள் அது இருந்திருக்கிறது. இங்கே விற்பவர் 3 சதவீதம் கொடுப்பதுதான் பரவலான வழக்கம், நானும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் மேலே வருவதையும் எடுத்துக்கொண்டு கூலியும் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் சத்தம் போட்டு, மனைவி நடுவில் தேநீர் கொடுத்து, கடைசியில் கூலியை 6 லட்சமாகக் குறைத்தார். 30ஐ விடவில்லை. ரசீது கேட்டேன். "நமக்குள்ள என்ன தம்பி ரசீது?"

இதோடு முடிந்திருந்தால்கூட அவர் கொண்டுவந்த ஆள், அவர் சம்பாதித்தார் என்று விட்டிருப்பேன். மூலதன ஆதாய வரி என்று ஒன்று இருக்கிறது, 2018 ஏப்ரலிலிருந்து. நான் விற்றபோது லாபத்தில் 10 சதவீதம், பிறகு ஏற்றிவிட்டார்கள், உங்கள் கணக்காளரிடம் இப்போதைய விகிதத்தைக் கேளுங்கள். சொந்தமாகக் குடியிருந்த வீடு என்றால் சில நிபந்தனைகளோடு விலக்கு கிடைக்கும், நான் வாடகைக்கு விட்டிருந்ததால் எனக்கு இல்லை. வரி போடுவது உறுதியில் எழுதிய விலையை வைத்து. 4 கோடி 30இல் 2 கோடி 60 போனால் 1 கோடி 70, அதில் 10 சதவீதம் 17 லட்சம். தரகர் எடுத்துப்போன 30 லட்சத்துக்கும் வரி நான்தான் கட்டினேன், 3 லட்சம். ரசீது இருந்தால் செலவாகக் காட்டிப் பார்த்திருக்கலாம் என்றார் கணக்காளர். இந்திய ரூபாயில் கணக்குப் போட்டால் நான் போட்ட பணத்துக்கு மேல் ஒன்றுமே மிஞ்சவில்லை. லாபமெல்லாம் இலங்கை ரூபாய் விழுந்ததால் காகிதத்தில் தெரிந்த லாபம், அதற்கும் வரி. பணத்தை ஊருக்கு அனுப்பப் போனபோது உறுதியில் ஒரு தொகை, கணக்கில் வேறு தொகையா என்று வங்கியில் கேட்டார்கள். விளக்கக் கடிதம் எழுதினேன், எழுதும்போது வந்த ஆத்திரத்தில் பேனா தாளைக் கிழித்தது.

ஆகவே "கையில் எவ்வளவு" என்று யார் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். கேட்கிற விலை இது, விற்கிற விலையில் இத்தனை சதவீதம் கூலி, அது உறுதி எழுதும் அன்று காசோலையாக, ரசீதோடு. மேலே கிடைத்தாலும் கீழே கிடைத்தாலும் அதே சதவீதம். இதை நீங்களே ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள், அவர் நீட்டும் தாளில் நீங்கள் போடாதீர்கள். இரண்டு மாதம், அதற்குள் முடியவில்லை என்றால் தாள் செல்லாது என்றும் எழுதுங்கள். வாங்க வருபவரிடம் தரகர் இல்லாத நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், "உங்களிடம் என்ன விலை சொன்னார்கள்?" என்று. நான் அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன், வீட்டை விற்கிறவனுக்கு அவ்வளவு மரியாதை ஆகாது.

அப்புறம், ஒரு தரகர் என்று நினைப்பீர்கள், பின்னால் மூன்று பேர் இருப்பார்கள். பார்ட்டி ஒருவருடையது, வீடு காட்டுவது இன்னொருவர், போனில் பேசுவது மூன்றாமவர். யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், பிறகு "அந்த ஆளை நான்தான் முதலில் காட்டினேன்" என்று சண்டை வரும்போது தேவைப்படும். நம்மூரில் ஏஜென்ட்டிடம் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணாவது கேட்கலாம், இங்கே அப்படி ஒரு எண்ணை எனக்கு யாரும் காட்டியதில்லை. உறுதியின் நகலைக் கொடுங்கள், அசலைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

முன்பணம் வாங்கும்போது தரகர் கொண்டுவரும் அச்சுத் தாள் வேண்டாம். நொத்தாரிசு முன்னால் எழுதாத காணி, வீட்டு விற்பனை ஒப்பந்தம் இங்கே சட்டப்படி செல்லாது, 1840ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவரின் நொத்தாரிசுதான் எழுதுவார் என்றாலும் உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு ஆனதோடு ஒப்பிட்டால் அவர் கேட்கும் பணம் ஒன்றுமே இல்லை.

உறுதி கைமாறிய அன்றே மின்சாரம், தண்ணீர்க் கணக்குகளின் பெயரை மாற்ற வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், மீட்டர் அளவைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் விட்டுவிட்டேன். நாலு மாதம் அவர்கள் ஏசி ஓட்டிய பில் என் பெயரில் வந்துகொண்டிருந்தது.