வெஸ்டர்ன் பிளாட்: ஆன்டிபாடிக்குச் சரியான நீர்ப்பு அளவைக் கண்டறிவது எப்படி?

வெஸ்டர்ன் பிளாட் என்பது, மாதிரியிலுள்ள புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தை அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியால் கண்டறியும் முறை. அந்த ஆன்டிபாடியை எத்தனை மடங்கு கரைசலில் கலப்பது என்பதே நீர்ப்பு. செய்முறைக் குறிப்பில் "அறை வெப்பநிலையில்" என்று இருந்தால், அது 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையைக் கருதி எழுதப்பட்டது என்பதைச் சேலத்தில் ஆய்வு செய்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஏற்காட்டுக்குப் பொருந்தக்கூடிய அந்தச் சொல், சித்திரை மாதத்து மதியத்தில் நம் ஆய்வகத்துக்குப் பொருந்தாது. ஒருமுறை பால் கரைசலில் ஊறிய சவ்வை இரவு முழுவதும் மேசை மீதே விட்டுவிட்டேன். காலையில் கரைசல் திரிந்து, படத்தில் சவ்வு முழுவதும் கறுத்திருந்தது.

முதலில், புதிய ஆன்டிபாடியைச் சிறு குப்பிகளில் 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வெப்பநிலையில் வையுங்கள். திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் அதன் பிணைப்புத் திறன் குறையும்.

அடுத்து, ஒரே மாதிரியை ஜெல்லின் அகலம் முழுவதும் ஓடவிட்டுச் சவ்வுக்கு மாற்றுங்கள். பான்சோ எஸ் சாயத்தால் புரதம் சீராக இறங்கியிருப்பதை உறுதிசெய்து, சவ்வை நீளவாக்கில் நான்கு பட்டைகளாக வெட்டி, மேல்முனையில் பென்சிலால் எண்ணிடுங்கள்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதிருக்க, பட்டைகளை டிபிஎஸ்டி (ட்வீன் 20 சேர்த்த ட்ரிஸ் உப்புக் கரைசல்) கரைசலில் கலக்கிய 5 சதவீதக் கொழுப்பு நீக்கிய பால்பொடியில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடுவோர் பாலுக்குப் பதிலாக பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்திலுள்ள அல்புமின் புரதம்) பயன்படுத்துவது நல்லது. பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால், அந்த ஆன்டிபாடி அதையும் பற்றிக்கொள்ளக்கூடும்.

இனிதான் முக்கியமான கட்டம். மூன்று பட்டைகளுக்கு 1:500, 1:1000, 1:2000 என்ற நீர்ப்புகளில், அதாவது 5 மில்லிலிட்டருக்கு முறையே 10, 5, 2.5 மைக்ரோலிட்டர் முதல்நிலை ஆன்டிபாடி (தேடும் புரதத்தைப் பற்றுவது) சேர்த்து, 4 டிகிரியில் இரவு முழுவதும் மெல்ல ஆட்டுங்கள். நான்காம் பட்டைக்கு முதல்நிலை ஆன்டிபாடி வேண்டாம். காலையில் எல்லாவற்றையும் டிபிஎஸ்டியில் மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் கழுவி, எச்ஆர்பி (ஒளிரும் வினையைத் தூண்டும் நொதி) இணைத்த, முதல்நிலையைப் பற்றிக்கொள்ளும் இரண்டாம்நிலை ஆன்டிபாடியை ஒரே அளவில் இடுங்கள். கரைசல் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு எச்ஆர்பியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், அதை இந்தக் கரைசலில் சேர்க்கவே கூடாது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அதேபோல் கழுவி, ஒளிரும் வினைபொருளை ஊற்றி, நான்கையும் ஒன்றாகப் படம் எடுங்கள்.

நான்காம் பட்டையிலும் கோடு தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டாம்நிலை ஆன்டிபாடியைத்தான். முதல்நிலையைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வெறுமையாக இருந்தால், மற்ற மூன்றில் பின்புலம் வெளுத்தும் கோடு தெளிந்தும் உள்ள, மிகக் குறைவான ஆன்டிபாடி அளவையே தேர்ந்தெடுங்கள். அந்த அளவைத் தொகுதி எண்ணுடன் குப்பியின் மீதே எழுதிவிடுங்கள்; அடுத்த தொகுதி வந்ததும் நான்கு பட்டைகளை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.