இலகு எடைக் குத்துச்சண்டை வீரர்கள் தராசிடம் தோற்பது ஏன்?

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பிரித்து மோதிக்கொண்ட வட சென்னையில், இன்றும் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ உடம்போடு குத்துச்சண்டை பழகும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். தொழில்முறைக்கு மாற விரும்பும் அவர்கள் செய்யும் முதல் தவறு, கீழ் எடைப்பிரிவுக்கு இறங்கினால் தம்மைவிடச் சிறிய எதிராளி கிடைப்பார் என்று கணக்குப் போடுவது. எதிராளியும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்.

ஃப்ளைவெயிட் பிரிவின் வரம்பு 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. அதை எட்ட ஐந்து கிலோ இறக்குபவர் தம் உடம்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கிறார். நூறு கிலோ மனிதருக்கு அதே ஐந்து கிலோ இருபதில் ஒரு பங்குதான். சித்திரை வெயிலில் காசிமேட்டுக் கடலோரம் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுபவரைப் பாருங்கள்: நின்றதும் கோட்டின் கைவிளிம்பிலிருந்து வியர்வை சொட்டும், எச்சில் ஊறுவதற்காக நெல்லிக்காயை மென்று, ஊறியதைப் பாட்டிலில் துப்பிக்கொண்டிருப்பார். நம் ஊர்ப் புழுக்கத்தில் சாதாரணமாகவே வியர்வை காயாது. கோட்டுக்குள் அது உடம்பைக் குளிர்விக்கவே வழியில்லை. இறங்குவதும் கொழுப்பன்று, தண்ணீர். பெரும்பாலும் சண்டைக்கு முந்தைய நாளே எடை பார்ப்பதால், குடித்துச் சரிக்கட்டிவிடலாம் என்கிறார்கள். தராசு முள் பழைய இடத்துக்கு ஏறிவிட்டாலே உடம்பும் முழுமையாகத் தேறிவிட்டது என்று கொள்ள முடியாது.

சிறிய உடம்புக்காரரின் குத்து மூளையைப் பாதிக்காது என்பது இன்னொரு மூடநம்பிக்கை. 1982இல் லைட்வெயிட் (61 கிலோ வரையிலான பிரிவு) பட்டத்துக்காக அமெரிக்காவின் ரே மன்சினியுடன் மோதிய தென் கொரியாவின் கிம் டுக்-கூ, 14ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாள்களில் இறந்தார். அதன் பிறகே உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது.

வளர்ந்த உடம்பைப் பழைய பிரிவிலேயே அடைத்து வைப்பதும் தவறு. பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ் 1999இல் ஃப்ளைவெயிட் எடைக்கு இறங்க முடியாமல் பட்டத்தைத் தராசிலேயே இழந்தார். அந்தச் சண்டையிலும் மூன்றாம் சுற்றில் வீழ்ந்தார். ஆனால் அவர் திரும்ப இறங்க முயலவில்லை. 122 பவுண்டு பிரிவுக்கு ஏறி, 2001இல் அங்கே உலகப் பட்டம் வென்றார். இந்த இடத்தில் நம் பயிற்சியாளர்கள் பலர் பிடிவாதம் பிடிப்பதை நான் ஏற்பதில்லை.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எந்த எடைக்கு ஒப்புக்கொண்டோம், அது தவறினால் ஊதியத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற இரண்டையாவது கேட்டுவிட வேண்டும். வீட்டுத் தராசை நம்புவதும் அதே வகைதான். அதற்கும் போட்டித் தராசுக்கும் இருநூறு கிராம் வேறுபட்டால், அது ஒரு டம்ளர் தண்ணீர். வற்றிப்போன உடம்பிலிருந்து அந்த ஒரு டம்ளரை இறக்க, எடை பார்க்கும் இடத்திலேயே மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியிருக்கும்.