நன்கொடைத் தளம்: பணம் வந்ததா, ரசீது போனதா?

அறக்கட்டளைக்கு இணையத்தில் நன்கொடை வாங்கத் தளம் அமைக்கிறீர்களா? முதல் வேலை தளம் இல்லை, வங்கிக் கணக்கு. அறக்கட்டளையின் பெயரில் கணக்கு, பான், பதிவுப் பத்திரம், 12ஏ (அறக்கட்டளைக்கு வருமானவரி விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) சான்றுகளைத் தயாராக வையுங்கள். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தார் கேஒய்சிக்கு (அடையாளச் சரிபார்ப்புக்கு) இவற்றைத்தான் கேட்பார்கள். வியாசர்பாடி டியூஷன் சென்டருக்கான சின்ன வசூல்தானே என்று செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைப் போடாதீர்கள். நாளைக்கு வருமானவரிக் கேள்வி அவரிடம்தான் வரும்.

அதிகம் சொதப்புவது யுபிஐ. பணம் கணக்கிலிருந்து போயிருக்கும், பக்கமோ 'தோல்வி' என்று காட்டும். கொடுத்தவர் மறுபடி அனுப்புவார். பிரவுசர் சொல்வதை நம்பி ரசீது போடக் கூடாது. பணம் வந்ததும் கேட்வே நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவல்தான் வெப்ஹூக்; அது கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பதிவு. அதே வெப்ஹூக் இரண்டு தடவைகூட வரலாம்; டேட்டாபேஸில் பேமென்ட் ஐடியை யுனிக் (ஒரு எண் ஒரே முறைதான் பதிவாகும்படி) ஆக்கிவிட்டால் இரட்டை ரசீது போகாது. கேட்வே உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய தொகைகளைக் காட்டும் செட்டில்மென்ட் அறிக்கையோடு உங்கள் பதிவுகளைத் தினமும் ஒப்பிடுங்கள். ஒருவர் கொடுத்த 500 ரூபாய், கேட்வே கட்டணம் கழிந்து சற்றுக் குறைவாக வந்தாலும், ரசீது 500க்குத்தான்.

பெயர், முகவரி, பான் மூன்றையும் படிவத்திலேயே வாங்குங்கள். பிறகு போன் போட்டுக் கேட்டால் கிடைக்காது. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி சலுகை இல்லை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லையென்றால் வெளிநாட்டு கார்டுகளை கேட்வேயிலேயே அடைத்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அப்படிப்பட்ட நாட்களில் நன்கொடை தர வருபவர்களின் கூட்டம் ஒரே நேரத்தில் தளத்தில் மோதும். முகப்பை ஸ்டாட்டிக் (ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல், முன்பே தயாராக இருக்கும்) பக்கமாக வைத்து, படங்களை 100 கேபிக்குள் சுருக்குங்கள்.