படிகத்தை நைட்ரஜனில் முக்கும் முன்

புரதப் படிகத்தைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து எக்ஸ்ரே படம் எடுத்தால் கதிர்ச்சேதம் குறையும். அதைச் செய்வது எப்படி என்று லைசோசைமை வைத்தே சொல்கிறேன். முட்டை வெள்ளைக்கருவில் கிடைக்கும் புரதம், விலை மலிவு, ஓரிரு நாளில் படிகம் வளர்ந்துவிடும், வீணாய்ப் போனாலும் யாரும் அழப்போவதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்த படிகத்தில் கைவைக்கும் முன் இதில் பழகிக்கொள்ளுங்கள்.

எங்கள் லாபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நேராக லூப்பை (படிகத்தை அள்ளும் சின்ன வளையம்) எடுத்து, படிகத்தைத் தூக்கி, நைட்ரஜனில் போடுவார்கள். படம் மோசமாக வந்தால் 'படிகம் சரியில்லை மேடம்' என்பார்கள். படிகமா, குளிர்வித்ததா, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? அதனால் முதலில் ஒரு படிகத்தை அறை வெப்பத்திலேயே எக்ஸ்ரேயில் வையுங்கள். லூப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் நுனியில் கொஞ்சம் தாய்க்கரைசல் (படிகம் வளர்ந்த கரைசல்) வைத்தால் படிகம் காயாது. இரண்டு மூன்று படங்கள் போதும். அலகுக்கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின், அளவையும் (லைசோசைமுக்குச் சுமார் 79, 79, 38 ஆங்ஸ்ட்ராம்; ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) மொசைசிட்டியையும் (படிகத்தின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்ற அளவு) குறித்துக்கொள்ளுங்கள். நல்ல படிகம் என்றால் மொசைசிட்டி 0.1 டிகிரிக்கும் கீழேதான் இருக்கும்.

அடுத்தது, குளிர்விக்கும்போது பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கும் கிளிசரால் கரைசல். ஏற்கெனவே உள்ள கரைசலில் கிளிசராலை ஊற்றிக் கலக்காதீர்கள். உப்பு நீர்த்துப்போய்ப் படிகம் கரையும், இல்லையேல் விரிசல் விடும். உப்பும் பஃபரும் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பொருள்) அதே செறிவில் இருக்க, தண்ணீரின் இடத்தில் மட்டும் 25% கிளிசரால் வருமாறு புதிதாகத் தயாரியுங்கள். முதலில் படிகமில்லாத லூப்பில் அந்தக் கரைசலை எடுத்து முக்கிப் பாருங்கள். துளி வெளுத்தால் பனிக்கட்டி, கிளிசராலைக் கூட்டுங்கள்.

துளி தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில்தான் சண்டை. படிகத்தில் ஏறக்குறையப் பாதி கரைசல். 100 கெல்வினுக்கு (சுமார் −173 டிகிரி செல்சியஸ்) போகும்போது புரதக்கூடு சுருங்கும். அலகுக்கூட்டின் கனஅளவு பொதுவாக 2 முதல் 7% குறையும். உள்ளே இருக்கும் வெறும் தண்ணீரோ பனிக்கட்டியாகாமல் கண்ணாடியாக இறுகினாலும் விரியும். வீடு சுருங்குகிறது, குடியிருப்பவர் பெருக்கிறார். இந்த இழுபறியில் அடுக்குகள் லேசாகச் சாய, மொசைசிட்டி பல மடங்கு ஏறும். கிளிசரால் கூடக் கூட அந்த விரிவு குறைந்து, ஒரு கட்டத்தில் கரைசலும் சுருங்கத் தொடங்கும். ஆகவே 20, 25, 30, 35% என்று நாலு கரைசல் வைத்து, தெளிவை மட்டும் பார்க்காமல் எதில் மொசைசிட்டி குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முக்குவதில் ஒரு நுணுக்கம். திரவ நைட்ரஜனுக்கு மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குக் குளிர்ந்த வாயு தேங்கி நிற்கும். சின்னப் படிகம் திரவத்தைத் தொடுமுன்பே அந்த வாயுவில் மெதுவாகக் குளிர்ந்துவிடும். நீங்கள் எவ்வளவு வேகமாய்க் கையை இறக்கினாலும் சரி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வார்கென்டின், தோர்ன் குழுவினர் 2006-ல் இதைக் காட்டினார்கள். குடுவையை விளிம்புவரை நிரப்புங்கள், முக்குவதற்குச் சற்று முன் உலர்ந்த நைட்ரஜனை மேலாக ஊதி அந்த வாயுவை விலக்குங்கள். படிகத்தைச் சுற்றியுள்ள அதிகத் துளியையும் வழித்து எடுத்துவிடுங்கள்.

படத்தில் 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் வளையங்கள் தெரிந்தால் அது பனிக்கட்டி. வெளியே ஒட்டிய உறைபனி என்றால் திரவ நைட்ரஜனைக் கொஞ்சம் ஊற்றிக் கழுவினாலே போகும். வளையமில்லை, ஆனால் மொசைசிட்டி மட்டும் ஏறியிருக்கிறது என்றால், படம் எடுக்கும்போது படிகத்தின் மேல் வீசும் குளிர்காற்றை ஓர் அட்டையால் ஓரிரு நொடி மறைத்துத் துளியை இளகவிட்டு மறுபடி குளிர்விக்கலாம். சில படிகம் தேறும், சில செத்துப்போகும். அதனால் அதற்கு முன்பே கிடைத்த தரவைச் சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு குளிர்வித்த படிகம் அறை வெப்பப் படிகத்தின் அச்சுநகல் அல்ல. ஜேம்ஸ் ஃப்ரேசர் குழு 2011-ல் 30 புரதங்களை ஒப்பிட்டபோது 35 விழுக்காட்டுக்கும் மேலான பக்கச்சங்கிலிகளின் (புரதத்தின் ஒவ்வோர் அமினோ அமிலத்திலிருந்தும் பக்கவாட்டில் நீளும் பகுதி) நிலைப்பரவல், அதாவது அவை எந்தெந்த நிலைகளில் எவ்வளவு இருக்கின்றன என்பது, மாறியிருந்தது. கதிர்ச்சேதம் பல பத்து மடங்கு குறைகிறது என்பதால் 100 கெல்வினை விடவும் முடியாது. மருந்து மூலக்கூறு ஒட்டும் இடத்தில் ஒரு பக்கச்சங்கிலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், பல படிகங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவாவது அறை வெப்பத் தரவையும் எடுத்துவிட்டுக் கட்டுரை எழுத உட்காருங்கள்.